மேட்டைத் தேடிய மக்கள்

அக்பர் பேரரசரின் ஆட்சிக் குறிப்புகளைத் தொகுத்த அபுல் பஸ்ல், தம் ‘ஆயினே அக்பரி’யில் வங்காளத்தின் தென்கோடியில் இருந்த பக்லா என்னும் சர்க்காரைப் பற்றிக் கூறுமிடத்தில், ஒரு சிறு நிகழ்ச்சியைப் பதிந்து வைத்துள்ளார். பேரரசர் அரியணை ஏறிய இருபத்தொன்பதாம் ஆண்டில், அதாவது ஏறத்தாழ 1584-இல், ஒரு நாள் பிற்பகல் மூன்று மணியளவில் கடல் பொங்கி எழுந்து அச்சர்க்கார் முழுவதையும் மூடிற்று. விருந்தில் வீற்றிருந்த அரசர் உடனே படகேறினார். அவருடைய மகன் சிலரோடு ஒரு கோயிலின் உச்சியில் ஏறிக்கொண்டான். வணிகன் ஒருவன் உயர்ந்த பரண் ஒன்றில் புகலடைந்தான். நாலரை மணி நேரம் இடியும் சூறையும் கடலும் ஒன்றாய்ச் சேர்ந்து ஆடின. வீடுகளும் படகுகளும் மூழ்கின; கோயிலுக்கும் பரணுக்கும் மட்டும் பழுதில்லை. ஏறத்தாழ இரண்டு லட்சம் உயிர்கள் மாண்டன என்று அவர் எழுதுகிறார்.

நூலாசிரியர் சில வரிகளில் முடித்துவிட்டார். நமக்கோ அவ்வரிகளில் ஒரு நீண்ட வரலாறு தொடங்குவதாகத் தோன்றுகிறது. இளவரசனுக்குக் கோயில் இருந்தது. வணிகனுக்குப் பரண் இருந்தது. வயலில் நின்ற உழவனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் ஏறி நிற்க ஏதுமில்லை. அந்தப் பக்லா, இன்றைய வங்காளதேசத்தின் பரிசால் பகுதியாகும். அக்கரையில் உழவனுக்கும் ஒரு மேடு கிடைத்த கதையையும், கிடைத்த பின்னரும் அவன் துன்பம் தீராமற்போன கதையையுமே நாம் இங்கே சொல்லப் புகுந்தோம்.

வங்கக் கடல் நமக்கும் அயலானதன்று. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கியதும் இதே கடல்தான். ஆனால் அதன் வடகோடியில் இயற்கை செய்து வைத்திருக்கும் அமைப்பு வேறு. அங்கே கடல் ஒரு புனலின் வாயைப்போல் குறுகிச் செல்கிறது. கடலடி நெடுந்தொலைவுக்கு ஆழமின்றிக் கிடக்கிறது. புயல் தள்ளிக்கொண்டு வரும் நீருக்குப் பரவ இடமில்லாததால் அது மேல்நோக்கி எழுகிறது. கரையோ கடல்மட்டத்துக்குச் சில அடிகளே உயர்ந்தது. கங்கையும் பிரமபுத்திராவும் மேக்னாவும் கொண்டுவந்து கொட்டும் வண்டலால் கழிமுகத்தில் புதுப்புதுத் திட்டுகள் எழும். அவற்றைச் ‘சர்’ என்பர் வங்காளிகள். நிலமில்லா ஏழைகள் அங்கே போய்க் குடிசை போடுவர். ஆறு ஒரு கரையை அரித்தால் மற்றொரு சருக்குக் குடிபெயர்வர். பேராபத்துள்ள நிலமே ஏழைக்குக் கிடைக்கும் நிலம் என்பதை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும். இல்லையேல், ‘அங்கு ஏன் போய் வாழ்கிறார்கள்?’ என்னும் பொறுப்பற்ற கேள்வியே நம் நாவில் எழும்.

1876-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் பாக்கர்கஞ்சு மாவட்டத்தைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மூழ்கினர். பின்னர் வந்த வாந்திபேதியிலும் பட்டினியிலும் ஏறக்குறைய அதே அளவினர் மாண்டனர் என்று கணக்கிட்டுள்ளனர். நீர் வடிந்த பிறகு மாண்டவர்கள் நீரில் மாண்டவர்களுக்குக் குறைந்தவர்களல்லர் என்பது அக்கணக்கில் நாம் நினைவில் நிறுத்தவேண்டிய செய்தி.

1970 நவம்பர் 12. ஹிஜ்ரி 1390-ஆம் ஆண்டு ரமழானின் நடுப்பகுதி. முழுநிலாவை ஒட்டிய நாள்களாதலால் கடலின் ஏற்றமும் மிகுந்திருந்தது. அன்றிரவு போலா, மன்புரா, ஹாத்தியா முதலிய தீவுகளிலும் அவற்றை அடுத்த கரையிலும் மக்கள் நோன்பு திறந்து, தொழுது, சஹருக்கு எழும் எண்ணத்துடன் படுத்தனர். நள்ளிரவை ஒட்டி, புயல் தள்ளிய நீர் இருபதடிக்கும் மேலாக எழுந்து வந்தது. விடிந்தபோது ஊர்களே இல்லை. மாண்டோர் தொகையை மூன்று லட்சம் என்பாரும் ஐந்து லட்சம் என்பாரும் உண்டு. தஜுமுத்தீன் வட்டாரத்தில் மட்டும் மக்களில் பாதிக்குச் சற்றே குறைந்தவர்கள் ஒரே இரவில் மறைந்தனர். சூறாவளிகளால் நேர்ந்த அழிவுகளுள் வரலாறு அறிந்தவற்றில் மிகப் பெரிது இதுவே.

டாக்கா வாந்திபேதி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பிரட் சோமர், வைலி மோஸ்லி என்னும் இரு மருத்துவர்கள் அழிவுக்குப்பின் ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்து, 1972-இல் வெளியிட்டனர். எண்களாலான அறிக்கைதான், படிப்பவர் நெஞ்சைப் பிழிகிறது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரே பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். மாண்டவர்களிலோ அவர்கள் பாதிக்குமேல். அடுத்து முதியவர்கள், ஆண்களைவிடப் பெண்கள். பிழைத்தவர்களின் மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தொடைகளிலும் தோல் உரிந்த காயங்கள் இருந்தன. இரவெல்லாம் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததன் அடையாளம் அது. மரத்தைக் கட்டிப்பிடிக்க வலுவுள்ளவன் பிழைத்தான். குழந்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு மரத்தைப் பிடிக்க ஏது கை?

இவ்வளவுக்கும் எச்சரிக்கை இல்லாமலில்லை. விண்கோள்கள் புயலைப் படமெடுத்திருந்தன, வானொலியும் ஒலிபரப்பியது. பிராங்க், ஹுசைன் என்னும் வானிலை அறிஞர் இருவர் 1971-இல் எழுதிய கட்டுரையின்படி, அப்பகுதி மக்களில் பத்தில் ஒன்பது பேர் புயல் வருவதை அறிந்தேயிருந்தனர். உறுதியான கட்டடங்களில் ஒதுங்கியவர்களோ நூற்றுக்கு ஒருவர். அக்டோபரில் அதே கரைக்கு வந்த ஒரு புயல், அஞ்சிய அளவு அழிவு செய்யாமல் போயிருந்தது. எனவே இம்முறையும் அப்படித்தான் என்று பலர் இருந்துவிட்டனர். துறைமுகங்களில் நிற்கும் கப்பல்களுக்காக வகுக்கப்பட்ட எச்சரிக்கை எண்கள் குடிசைவாசிக்கு விளங்கவுமில்லை. விளங்கியிருந்தால்தான் என்ன? அவர்கள் ஏறுவதற்கு உறுதியான கட்டடங்கள் எத்தனை இருந்தன!

ஆட்சியாளர் அன்று நடந்துகொண்ட முறை வேறொரு வரலாற்றுக்கு விதையாயிற்று. சீனத்திலிருந்து திரும்பும் வழியில் டாக்காவில் இறங்கிய அதிபர் யஹ்யா கான், அழிவுப் பகுதிக்கு மேலாக விமானத்தில் பறந்து பார்த்தார். உதவி தாமதமாகவும் குறைவாகவும் சென்றது. மௌலானா பாஷானி முதுமையையும் நோயையும் பொருட்படுத்தாமல் அப்பகுதிக்குச் சென்று வந்து, நவம்பர் 23-இல் டாக்காவின் பல்டன் திடலில் முழங்கினார். டிசம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் கட்சி கிழக்கில் ஏறக்குறைய எல்லா இடங்களையும் வென்றது. புயல் தாக்கிய தொகுதிகளில் மட்டும் வாக்குப்பதிவு 1971 ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. அடுத்து நிகழ்ந்தவற்றை வாசகர்கள் அறிவர்.

அழிவைக் காணச் சென்றவர்களுள் ஓவியர் ஜைனுல் ஆபிதீனும் ஒருவர். 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கல்கத்தாத் தெருக்களில் மடிந்தவர்களைக் கரிய கோடுகளால் தீட்டிப் புகழ்பெற்றவர் அவர். மன்புராவைப் பார்த்துத் திரும்பிய பின், ஏறத்தாழ முப்பதடி நீளமுள்ள சுருளொன்றில் ‘மன்புரா 70’ என்னும் ஓவியத்தை வரைந்தார். பிணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கின்றன. எந்த அறிக்கையும் அந்தச் சுருளுக்கு ஈடாகாது என்பதே நம் எண்ணம்.

அதே மன்புராவுக்குச் சிட்டகாங்கிலிருந்து புறப்பட்டவர் பஸ்லே ஹசன் ஆபித். ஓர் எண்ணெய்க் கம்பெனியில் உயர் பதவியில் இருந்த இளைஞர். நண்பர்களோடு சேர்ந்து அரிசியும் துணியும் கொண்டுபோனார். போனவர்கள் அங்கே கண்டது, அரிசி தீர்ந்தபின் என்ன செய்வது என்னும் கேள்வி. ஏர்மாடுகள் மிதந்து போய்விட்டன. கரைப்பகுதியின் மீன்பிடி வளத்தில் மூன்றில் இரண்டு பங்கு படகும் வலையுமாக அழிந்திருந்தது. எனவே வீடு கட்டவும் தொழிலை மீண்டும் தொடங்கவும் உதவுவதில் அவர்கள் இறங்கினர். ஆபித் 1972-இல் தொடங்கிய ‘பிராக்’ பின்னாளில் உலகின் மிகப் பெரிய தொண்டு நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. அதன் வரலாற்றுக்கு இங்கே இடமில்லை.

புதிய நாட்டில், 1972-இல் செஞ்சிலுவைச் சங்கத்தார் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு அரசும் அதில் பங்காளியாயிற்று. (அந்நாட்டுச் சங்கம் 1988-இல் செம்பிறைச் சங்கம் எனப் பெயர் மாற்றிக்கொண்டது.) திட்டத்தின் அடிப்படை மிக எளிது. வானொலியில் வரும் முகமறியாக் குரலை நம்பாதவன், தன் அண்டைவீட்டான் வந்து கதவைத் தட்டினால் நம்புவான். எனவே ஊருக்கு ஊர் அங்குள்ளவர்களையே தொண்டர்களாக்கினர். தொடக்கத்தில் ஏறத்தாழ 20,000 பேர். ஊதியம் இல்லை. ஒரு வானொலிப் பெட்டி, ஓர் ஒலிபெருக்கிக் குழல், கையால் சுழற்றும் சங்கு, சில கொடிகள், இவையே கருவிகள். எச்சரிக்கை ஏற ஏற ஒன்று, இரண்டு, மூன்று எனச் செங்கொடிகள் கம்பத்தில் ஏறும். எழுத்தறியாதவரும் எண்ணத் தெரிந்தால் போதும். பாங்கு சொல்லும் ஒலிபெருக்கியும் இப்பணிக்கு வந்து சேர்ந்தது. நாள்தோறும் ஐவேளையும் கேட்டுப் பழகிய குரல் நேரமல்லா நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து எழுந்து ‘புறப்படுங்கள்’ என்றால், அதைப் புறக்கணிப்பவர் சிலரே.

எங்கே புறப்படுவது? சங்கடம் அங்கேதான். முஜிபுர் ரஹ்மான் காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மண்மேடுகளை எழுப்பினர். மக்கள் அவற்றை ‘முஜிப் கில்லா’ என்றனர். கில்லா என்பது கோட்டையைக் குறிக்கும் கல்ஆ என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. மண்மேட்டைக் கோட்டையென்று அழைத்த அம்மக்களின் நன்றியுணர்வை நினைத்தால் ஒருபுறம் நெகிழ்ச்சியாகவும் ஒருபுறம் வேதனையாகவும் இருக்கிறது. மனிதருக்கும் மாட்டுக்கும் அவை பயன்பட்டன. ஆனால் பேணுவார் இன்றிப் பல கரைந்தன. சிலவற்றில் வீடுகள் முளைத்தன. கற்காரைப் புகலிடங்களும் தேவைக்கு மிகக் குறைவாகவே எழுந்தன.

இந்தக் குறையை 1991 ஏப்ரல் 29 அம்பலப்படுத்திற்று. அன்றும் முழுநிலாவை ஒட்டிய இரவு. சிட்டகாங், சந்துவீப், குத்துப்தியா, பான்ஷ்காலி எனத் தென்கிழக்குக் கரையெங்கும் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். தொண்டர்கள் வீடுவீடாகச் சென்றிருந்தும் இவ்வளவு இழப்பு. பிறகு எடுத்த கணக்கில் ஓர் உண்மை வெளிப்பட்டது. இருபது முதல் நாற்பத்துநாலு வயதுவரையுள்ள ஆண்களில் ஆயிரத்துக்குப் பதினைந்து பேர் இறந்திருக்க, அதே வயதுப் பெண்களில் ஆயிரத்துக்கு எழுபத்தொருவர் இறந்திருந்தனர்.

ஏன் இப்படி? நீரின் வேகமும், காலைச் சுற்றிய சேலையும், முள்ளில் சிக்கிய கூந்தலும் காரணங்கள்தாம். ஆனால் அவை நீர் வந்த பிறகு உள்ளவை. நீர் வருமுன்னரே அப்பெண்கள் புகலிடத்துக்குப் போகாமல் நின்றுவிட்டனர். கணவன் கடலுக்கோ சந்தைக்கோ போயிருந்தால் அவன் சொல் இல்லாமல் வீட்டைவிட்டு வெளியேற அஞ்சினர். புகலிடமென்பது அன்னிய ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும் ஒற்றைக் கூடம். பெண்களுக்குத் தனியிடமோ கழிப்பிடமோ இல்லை. குழந்தையும் கோழியும் ஆடும் அவர்கள் பொறுப்பு. எச்சரிக்கையோடு வந்த தொண்டரும் ஓர் ஆண்மகனே. வாசலில் நின்று வீட்டு ஆண்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கோஷா ஒழுக்கத்தின்மீது பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோர் உண்டு. நாம் அதை ஏற்பதற்கில்லை. அதேவேளை, ‘ஒழுக்கம் காத்து உயிர் நீத்தார்கள்’ என்று புகழ்ந்து பேசுவது அதைவிடக் கொடிது. மானத்தோடு நிற்க ஓர் இடத்தைக் கட்டிவைக்காத ஊராரும் அரசும் அந்த எழுபத்தொருவருக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள். ஓர் அறையும் ஒரு கதவும் ஒரு கழிப்பிடமும் எவ்வளவு பெரிய செலவு?

பேராசிரியர் ஜமீலுர் ரஜா சௌத்ரி என்னும் பொறியியல் அறிஞரின் தலைமையில் ஒரு குழு 1990-களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து, பல்நோக்குப் புகலிடத் திட்டத்தை வகுத்தது. தூண்களின்மேல் கட்டடம், அடித்தளத்தில் நீர் தடையின்றி ஓடும். மேல்தளம் மற்ற நாள்களில் பள்ளிக்கூடம். புயல் பத்தாண்டுக்கு ஒருமுறை வரலாம். பிள்ளைகளோ நாள்தோறும் வருவர். ஆகவே கட்டடம் பாழடையாது; அங்கே படித்த சிறுமிக்கு அது அன்னிய இடமும் அன்று. பின்னர் எழுந்தவற்றில் பெண்களுக்குத் தனியறை, கால்நடைக்கு ஏறுதளம் என்பனவும் சேர்ந்தன. தொண்டர் குழுக்களிலும் பெண்களைப் படிப்படியாகக் கூட்டினர். இன்று ஏறத்தாழ 76,000 தொண்டர்களில் பாதிப்பேர் பெண்கள். அவர்கள் வாசலில் நிற்காமல் அடுக்களைவரை செல்கின்றனர்.

2007 நவம்பரில் வந்த சித்ர் புயல், காற்றின் வேகத்தில் 1970-ஆம் ஆண்டுப் புயலுக்குச் சற்றும் குறைந்ததன்று. மாண்டோர் ஏறத்தாழ 3,400. 2020 மே மாதத்தில் ஆம்பன் வந்தபோது, பெருந்தொற்றின் நடுவிலும் இருபது லட்சத்துக்கு மேற்பட்டோரைப் புகலிடங்களுக்குக் கொண்டுசேர்த்தனர். அந்நாட்டில் இழப்பு சில பத்துகளில் நின்றது. இதில் முழுப்புகழும் மனிதருக்கே என்று சொல்வது நேர்மையாகாது. சித்ரின் வேகத்தைச் சுந்தரவனக் காடு பெருமளவு தாங்கிக்கொண்டது. எனினும் லட்சங்கள் ஆயிரங்களாகவும், ஆயிரங்கள் பத்துகளாகவும் குறைந்ததை எவர் சிறிதென்பார்?

உயிர் தப்பியது. வாழ்வு? இக்கேள்வியை எழுப்பியது 2009 மே 25-இல் வந்த ஐலா. புயல்களுள் அது பெரியதன்று, பகலில் வந்தது, வங்காளதேசத்தில் மாண்டோர் 190 பேரளவில். ஆனால் குல்னா, சாத்கிரா மாவட்டங்களில் அது கரைகளை உடைத்துவிட்டுப் போயிற்று. தாக்கோப் வட்டாரத்தில் 32-ஆம் எண் கொண்ட தீவில் உடைப்புகளை அடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை நாளைக்கு இருமுறை கடலேற்றம் அடுப்பங்கரைக்கு வந்து போயிற்று. மக்கள் எஞ்சியிருந்த கரையின் முதுகில் கொட்டகை போட்டு வாழ்ந்தனர். குளங்கள் உப்பாயின, குடிநீருக்குப் பெண்கள் குடத்தோடு நெடுந்தொலைவு நடந்தனர், ஆண்கள் பலர் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போயினர். 1876-இல் நீர் வடிந்தபின் வந்த சாவை இன்று மருந்தும் உணவும் தடுத்துவிட்டன. நீரே வடியாத துன்பத்துக்கு மருந்து எளிதாய் இல்லை.

அந்தக் கரைகளின் வரலாறு வியப்புக்குரியது. ஜமீன்தார்கள் காலத்தில் அப்பகுதி உழவர்கள் ஆண்டில் எட்டு மாதம் நிற்கும் மண்கரைகளைப் போடுவர். உப்புநீர் ஏறும் காலத்தில் கரை காக்கும். மழைக்காலத்தில் ஆற்றுநீர் உள்ளே பாய்ந்து வண்டலைப் படியவைக்கும். நிலமும் ஆண்டுதோறும் சிறிது உயரும். ஜமீன்தாரி ஒழிந்தபின் அம்முறை சிதைந்தது. 1960-களில் ஹாலந்து நாட்டு முறைப்படி, சுற்றிலும் நிலையான கரை கட்டிய ‘போல்டர்’கள் எழுந்தன, முடிவில் அவை 139 ஆயின. சில ஆண்டுகள் விளைச்சல் பெருகிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வெளியே நிறுத்தப்பட்ட வண்டல் ஆற்றின் வயிற்றில் படிந்தது. ஆறு மேடாக, உள்நிலம் பள்ளமாயிற்று. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 32-ஆம் போல்டரின் நிலம் அருகிலுள்ள சுந்தரவனத்தின் இயற்கைத் தரையைவிட ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தாழ்ந்திருப்பதாகக் கண்டது. ஐலா உடைத்துக்கொண்டு வந்த நீர், துன்பத்தோடு பல பத்தாண்டுகளுக்குரிய வண்டலையும் கொண்டுவந்து போட்டதாக அவ்வாய்வே கூறுகிறது. போதாக்குறைக்கு, இறால் வளர்ப்பவர்கள் உப்புநீரை உள்ளே விடக் கரையைத் துளைத்துக் குழாய் பதித்து அதை மேலும் நலிவித்தனர்.

இதை உழவர்கள் அறிஞர்களுக்கு முன்பே அறிந்திருந்தனர். ஆண்டு முழுவதும் நீர் தேங்கிக் கிடந்த டகாத்தியா என்னும் தாழ்நிலத்தில், 1990-இல் மக்களே திரண்டு அரசின் கரையை வெட்டினர். 1997 அக்டோபரில் பாய்னா என்னும் தாழ்நிலத்திலும் அவ்வாறே வெட்டினர். கடலேற்றம் உள்ளே வந்து வண்டலை இறக்கிவிட்டு, திரும்பும் வேகத்தில் ஹரி ஆற்றின் அடியையும் அரித்து ஆழமாக்கிற்று. நாலாண்டுகளில், வெட்டிய இடத்தை அடுத்த நிலம் ஒரு மீட்டருக்கும் மேலாக உயர்ந்தது. குற்றமென்று கருதப்பட்ட செயலைப் பொறியியலார் பின்னர் அளந்து பார்த்து, ‘ஏற்றவற்ற ஆற்று மேலாண்மை’ என்று பெயரிட்டு அரசுத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டனர். பெயர் அவர்களுடையது, அறிவு உழவனுடையது.

கடல்மட்டம் உயர்ந்துகொண்டும், நிலம் அமிழ்ந்துகொண்டும், கடல்நீரின் வெப்பம் மிகுந்துகொண்டும் இருக்கும் இக்காலத்தில் இவ்வறிவின் மதிப்புப் பெரிது. உப்பைத் தாங்கும் ‘பிரி 47’ போன்ற நெல் வகைகள் 2007 முதல் வயலுக்கு வந்துள்ளன. மூழ்கினாலும் அழுகாத நெல் வகைகளும் உள்ளன. பரிசாலுக்கும் கோபால்கஞ்சுக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்புகளில், ஆகாயத்தாமரையை அடுக்கித் தெப்பமாக்கி அதன்மேல் காய்கறி விளைவிக்கும் பழைய வழக்கத்துக்கும் இன்று புது மதிப்பு வந்திருக்கிறது. இவையெல்லாம் நல்லனவே. எனினும் நிலம் தாழ்ந்தே கிடக்குமாயின் இவை எத்தனை நாளைக்கு?

நிலத்தை உயர்த்த நீரை உள்ளே விடவேண்டும். விட்டால் சில ஆண்டுகள் அந்நிலத்தில் பயிரில்லை. ஒருவன் நிலத்தில் நீர் நின்றால் பத்து ஊர்களின் வெள்ளம் வடியும். அந்த ஒருவன் அதுவரை எதைத் தின்பான்? அரசு இழப்பீடு அறிவித்தது. குக்ஷியா தாழ்நிலத்தில் அவ்வாறு நீர்விட்டபோது, பட்டாவும் வாரிசுச் சான்றும் காட்டமுடியாத பலருக்கு அத்தொகை கைக்கு எட்டவில்லை. குத்தகைக்கு உழுதவனுக்கோ கேட்கவே உரிமையில்லை. அதைக் கண்டிருந்த கபாலியா தாழ்நிலத்து உழவர்கள், தங்கள் முறை வந்தபோது 2012-இல் மறித்து நின்றனர். மோதல் மூண்டது, வேலை நின்றது. பாய்னாவில் தாமே கரையை வெட்டியவர்களும் உழவர்கள். கபாலியாவில் வெட்டவிடாமல் தடுத்தவர்களும் உழவர்கள். அதே வட்டாரத்துப் பவதஹாவில் மழைக்காலத்தில் வீட்டு முற்றங்களில் தண்ணீர் தேங்குவது இன்னும் தீர்ந்தபாடில்லை.